ஸ்ட்ரீட் பைட்டர்: புதுப் படம் வர முன்னம் பழசுகளை எந்த வரிசையில பாக்கிறது?

உப்புவெளியான் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். ஸ்ட்ரீட் பைட்டர் எண்ட சண்டை வீடியோ கேமில இருந்து வாற புதுப் படத்துக்கு 2026 ஒக்டோபர் 16 எண்டு திகதி அறிவிச்சிருக்கினம். அதுக்கு முன்னம் பழைய படங்கள், தொடர்கள் எல்லாத்தையும் தம்பியோடயும் அவன்ர கூட்டாளிமாரோடயும் இருந்து பாத்து முடிக்கலாம் எண்டு நினைக்கிறன். எங்கட வீட்டு மொட்டை மாடியில வெள்ளைச் சீலை கட்டி புரொஜெக்டர்ல போடப்போறம். பொடியள் எல்லாம் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டவங்கள்.

அவங்களுக்கு 2023இல வந்த ஆறாவது கேம் மட்டும்தான் தெரியும். அதில வாற ரியூ எண்ட வீரனை வச்சு என்னை நிமிசத்தில விழுத்துவாங்கள். ஆனா ரியூ ஏன் ஊர் ஊரா அலையிறான், அவன்ர எதிரி சகாட்டின்ர நெஞ்சில ஏன் அந்தத் தழும்பு எண்டு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அதைத்தான் படம் பாத்து விளங்கவேணும் எண்டு ஆசைப்படுறன்.

என்னட்ட இருக்கிறது: 1994 ஹொலிவுட் படம், அதே வருசம் வந்த ஜப்பான் அனிமேஷன் படம், 1995 அனிமே தொடர், சுன்-லி எண்ட பெண் வீராங்கனையைப் பற்றின 2009 படம், 2014 இணையத் தொடர். எதில தொடங்கலாம், எதை விடலாம்? ஏன் எண்டும் எழுதுங்கோ.

ஆறாம்பதிப்பு எழுதியது:

2009 படத்தை விடுங்கோ அண்ணா. மிச்சம் எந்த வரிசையிலயும் போடலாம்.

கோட்டைவாசல் எழுதியது:

தம்பி, 1994 ஹொலிவுட் படத்தில் தொடங்குங்கள். கனபேர் அதைத் தூக்கி எறியச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். காரணம் வில்லன் பைசனாக நடித்த ராவுல் ஜூலியா.

படத்தின் குறைகள் எனக்கும் தெரியும். எழுதி இயக்கியவர் ஸ்டீவன் டி சூசா. 'டை ஹார்ட்' திரைக்கதையில் பங்குள்ளவர். கேமின் உயிரான சண்டைப் போட்டியை எடுத்துவிட்டு, ஷடலூ என்ற கற்பனை நாட்டில் பணயக்கைதிகளை மீட்கும் இராணுவக் கதையாக்கினார். இராணுவ அதிகாரி கைல்தான் கதாநாயகன், நடித்தவர் வான் டாம். ரியூவும் அவன் கூட்டாளி கென்னும் ஆட்களை ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு பேராகச் சுருங்கினார்கள். மிருகம் போன்ற பிளாங்காவையும் கைலின் நண்பன் சார்லியையும் ஒரே ஆளாக ஒட்டினார்கள். கேமில் இருந்த ஆட்கள் எல்லாரும் வரவேண்டும் என்று கேமைச் செய்த கப்கொம் நிறுவனம் விரும்பியதால் ஒரு படத்துக்குள் அத்தனை பேர் நெருக்கியடிக்கிறார்கள்.

ஆனால் பைசனாக வரும் ஜூலியாவைப் பாருங்கள். அப்போது அவருக்குப் புற்றுநோய். உடம்பு மெலிந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தன் பிள்ளைகளுக்கு அந்த கேம் பிடிக்கும் என்பதால்தான் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். மேடையில் ஷேக்ஸ்பியர் நடித்த மனிதர், சிவப்புச் சீருடை போட்ட ஒரு கேம் வில்லனுக்கு அதே மரியாதையைக் கொடுத்தார். சுன்-லி தன் தகப்பனை அவன் கொன்ற நாளைச் சொல்லி முடிக்கிறாள். தனக்கு அது வெறும் ஒரு செவ்வாய்க்கிழமை என்று அவன் பதில் சொல்கிறான். குரலை உயர்த்தவில்லை. கொடுங்கோலன் எப்படிப்பட்டவன் என்பது அந்த ஒரு வரியில் பொடியளுக்கு விளங்கிவிடும்.

1994 ஒக்டோபர் 24இல் அவர் இறந்தார். வயது 54. படம் டிசம்பர் 23இல் வெளிவந்தது, அவருக்கே சமர்ப்பணம் செய்திருந்தார்கள். 35 மில்லியன் டொலர் செலவில் எடுத்து உலகமெங்கும் ஏறக்குறைய 99 மில்லியன் சம்பாதித்தது. தோல்விப் படம் என்று சொல்பவர்கள் அதையும் கவனிக்கவேண்டும்.

கிண்ணியா_சீனடி எழுதியது:

கோட்டைவாசல் அண்ணன் சொன்ன ராவுல் ஜூலியா விசயத்தில எனக்கு மறுப்பே இல்ல. ஆனா அவர் நடிச்ச காட்சியள் முடிஞ்சு சண்டை தொடங்கினவுடன அந்தப் படம் விழுந்துபோகுது. இது சண்டைக் கேமில இருந்து வந்த படம். சண்டையில விழுந்தா வேற எதில நிக்கிறது?

பென்னி உர்கிடெஸ் எண்ட பெரிய கிக்பொக்சிங் வீரரைத்தான் நடிகர்மாருக்குப் பயிற்சி குடுக்க வச்சவங்கள். ஆனா படப்பிடிப்பு அவசரத்தில பழகிறதுக்கு நேரம் கிடைக்கல்ல. அது திரையில அப்படியே தெரியுது. ரியூவின்ர நிலையும் கென்ட நிலையும் ஒண்டாவே கிடக்கு. ஹடோகென், அதான் ரியூ கையில இருந்து பாய்ச்சுற சக்திப் பந்து, ஒரு வெளிச்சம் மின்னினமாதிரி வந்து போகுது, அவ்வளவுதான்.

என்ட மாமா சீனடி எண்ட எங்கட சண்டைக் கலை பழக்கினவர். எங்கட பக்கத்தில கல்யாணம், பெருநாள் எண்டா கம்பும் கையுமா இறங்கிற ஆக்கள் இன்னும் இருக்கிறாங்க. சின்ன வயசில மாமா எங்களுக்கு அடியை முதல்ல காட்டல்ல. காலடி வைக்கிறதை மட்டும்தான் காட்டினவர். ஒருத்தன் எப்படி நிக்கிறான் எண்டதில அவன் ஆரிட்டப் படிச்சான், பயப்படுறானா, கோவத்தில இருக்கிறானா எல்லாம் தெரியும் எண்டு சொல்வார். ஸ்ட்ரீட் பைட்டர் எனக்குப் பிடிச்சதே அதாலதான். 1991இல வந்த ரெண்டாவது கேமிலயே சகாட் நிக்கிற நிலை தாய்லாந்து முவே தாய், ஹொண்டா குந்தியிருக்கிறது சுமோ. ஆள் வாய் திறக்கத் தேவையில்ல.

அதுக்குத்தான் 2014இல வந்த 'அசாசின்ஸ் பிஸ்ட்' இணையத் தொடரை முதல்ல போடச் சொல்றன். ஜோயி அன்சா எடுத்தது. 'போர்ன் அல்டிமேட்டம்' படத்தில மாட் டேமனோட குளியலறைக்குள்ள சண்டை பிடிப்பாரே, அவர்தான். சொந்தமாவே சண்டைக் கலை பழகினவர். 2010இல ஒரு சின்னக் குறும்படம் செஞ்சு காட்டி, அதுக்குப் பிறகு கப்கொமின்ட சம்மதத்தோட இந்தத் தொடரை எடுத்தார். பல்கேரியாவில படமாக்கி, ஜப்பானிய மலைக்காடு எண்டு நம்பவச்சிட்டாங்க. மைக் மோ ரியூ, கிறிஸ்டியன் ஹவர்ட் கென், அன்சாவே அகூமா.

கதை எண்டு பாத்தா சின்னது. ரெண்டு பொடியன்மார் கோகென் எண்ட குருவிட்ட இருந்து பழகிறாங்க. குருவுக்கு ஒரு தம்பி இருந்தான், அவன்தான் அகூமா, அதே கலையில இருக்கிற இருட்டைத் தேடிப் போய்க் கெட்டுப்போனான். ரியூவுக்குள்ளயும் அதே ஆபத்து இருக்குதோ எண்டு குருவுக்குப் பயம். முதல் ஹடோகென் வாறதுக்கு எத்தினை அத்தியாயம் காத்திருக்கவேணும்! ஆனா வரேக்க, அதை அவன் சம்பாதிச்சான் எண்டு தெரியும்.

நிலாவெளி_அக்கா எழுதியது:

நானா, தொடர் நல்லதுதான். ஆனா பன்னிரண்டு வயசுப் பொடியளை முதல் நாளே அவ்வளவு மெதுவான கதைக்கு முன்னால இருத்தினா ரெண்டாம் நாள் வரமாட்டாங்கள். நான் படம் கீறப் படிப்பிக்கிறனான், இந்த வயசுக்காரரோடதான் என்ர பொழுது போகுது.

ஜப்பான் அனிமேஷன் படத்தில தொடங்குங்கோ. கிசபுரோ சுகி இயக்கி 1994 ஓகஸ்ட்டில வந்தது. தொடக்கமே இடிமின்னல், ஆளுயரப் புல், நடுவில ரியூவும் சகாட்டும். கதை சொல்லுறதுக்கு ஒரு விளக்கவுரையும் இல்லை. சகாட்டின்ர நெஞ்சு கிழியிறதைப் பாத்தவுடன தம்பி கேட்ட தழும்புக் கேள்விக்குப் பதில் கிடைச்சிடும். சண்டைகளை வடிவமைக்க கே-1 எண்ட கிக்பொக்சிங் போட்டியைத் தொடங்கின கசுயோஷி இஷியும், கே-1 வீரர் அண்டி ஹக்கும் உதவினவை. அதால கீறின உருவம் எண்டாலும் உதைக்கிற காலுக்குப் பாரம் இருக்கு. உதைக்க முன்னம் இடுப்புத் திரும்புது, மற்றக் கால் நிலத்தில அழுந்துது. கீறுற ஆக்களுக்குத் தெரியும், அந்த அழுத்தம் வராட்டி உருவம் மிதக்கும்.

சுன்-லியும் வேகாவும் அவளின்ர வீட்டுக்குள்ள பிடிக்கிற சண்டைதான் இந்தத் தொகுதி முழுக்கவும் எனக்கு மேலானது. அவளைக் கொல்ல அனுப்பப்பட்ட வேகா கத்தி நகத்தோட வாறான். அவளிட்ட ஆயுதம் ஒண்டும் இல்லை, சோபாவைத் தூக்கி எறியிறாள், இரத்தம் வழிய வழிய நிண்டு பிடிக்கிறாள். வெல்லுறாள், ஆனா அதுக்கு அவள் குடுக்கிற விலை பெருசு. ஆஸ்பத்திரியில நினைவில்லாமல் கிடக்கிறாள். ஒரு பொம்பிளைப் பாத்திரத்தை இவ்வளவு மதிச்சு எடுத்த சண்டை அந்தக் காலத்தில எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.

ஒரு எச்சரிக்கை: அதே காட்சிக்குச் சற்று முன்னம் அவள் குளிக்கிற காட்சி ஒண்டு இருக்கு. ஜப்பான் பதிப்பில நீளம், இரத்தமும் கூட. வெட்டின பதிப்பும் இருக்கு. பொடியளுக்கு அதைத்தான் போடுங்கோ. அப்படி ஒரு சண்டையை எடுத்த ஆக்கள் ஏன் அந்தக் காட்சியை வச்சவை எண்டு எனக்கு இண்டைக்கும் கோவம்தான்.

2009 படத்தைப் பற்றியும் சொல்லவேணும். சுன்-லியை நடுவில வச்சு ஒரு முழுப்படம். கேட்டவுடன நான் எவ்வளவு சந்தோசப்பட்டன்! கிறிஸ்டின் குரூக் நடிச்சது. பாங்கொக்கில கதை நடக்குது. ஆனா கேமில இருக்கிற அவளின்ர உடுப்பு இல்லை, அவளின்ர கால் வேகமும் இல்லை. கேமில நெருப்பும் மின்னலுமாப் பறக்கிற உலகத்தை நிலம் வாங்கி விக்கிற குற்றவாளியளின்ர கதையாக்கிப்போட்டினம். 50 மில்லியன் டொலர் செலவழிச்சு 13 மில்லியனும் வரேல்ல. ரொபின் ஷூ கென் எண்ட குருவா வாறார், அதாவது ரியூவின்ர கூட்டாளி கென் இல்லை, சீனக் கிழவர். அவர் வாற இடங்கள்ல மட்டும் நான் கொஞ்சம் நிமிந்து இருந்தனான்.

சம்பூர்_கடற்கரை எழுதியது:

ரொபின் ஷூ பேர் வந்ததால சொல்றன். இன்னொரு சண்டைக் கேமில இருந்து வந்த 1995 'மோர்ட்டல் கொம்பாட்' படத்தில கதாநாயகன் லியூ காங் அவர்தான். அந்தப் படத்தை ஒருக்கா முன்னோட்டமாப் போட்டுக் காட்டினபோது, பாத்த ஆக்கள் சண்டை காணாது எண்டு சொல்லியிருக்கினம். தயாரிப்பாளர்மார் அதைக் கேட்டு, திரும்பப் போய்ப் புதுச் சண்டையள் எடுத்துச் சேத்தவை. ரெப்டைல் எண்ட எதிரியோட லியூ காங் பிடிக்கிற சண்டை அப்படிப் பிறகு சேந்தது, ஷூவே வடிவமைச்சது. படம் 120 மில்லியனுக்கு மேல சம்பாதிச்சுது. பார்வையாளருக்கு என்ன வேணும் எண்டு கேட்டு அதைச் செஞ்சவை. போட்டி, தீவு, மூண்டு வீரர், ஒரு சூனியக்காரன்: கேமில இருந்த சட்டகத்தை உடைக்கவே இல்லை.

ஸ்ட்ரீட் பைட்டர் ஆக்கள் போட்டியைத்தான் முதல்ல தூக்கி எறிஞ்சவை. எனக்கு அதுதான் இண்டைக்கும் விளங்காத விசயம்.

கோட்டைவாசல் எழுதியது:

சம்பூர் தம்பி, டி சூசாவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. போட்டி என்றால் 'யார் வெல்வார்' என்பது மட்டும்தான் கதை. ஒரே மாதிரி படம் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். போர்க்கதையாக்கினால் ஒரு நாட்டின் மக்கள், அகதிகள், கொடுங்கோலன் எல்லாம் உள்ளே வரும். கருத்தை நான் மதிக்கிறேன், செயற்படுத்திய விதம்தான் தடுமாறியது.

கிண்ணியா_சீனடி எழுதியது:

அண்ணன், இதில உங்களோட நான் முழுசா மாறுபடுறன். கொஞ்சம் மனசு விட்டு எழுதுறன்.

நாங்க இந்த கேமை முதல்ல விளையாடின காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். துறைமுகத்தில நேவி, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிக்கிற வாப்பாமார். சண்டை எண்டா எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். ஆர் அடிக்கிறான் எண்டு தெரியாது, ஏன் எண்டு கேக்க ஏலாது. அந்த நேரத்தில ஒரு கேம் கடையில, திரையில ரெண்டு பேர் நேருக்கு நேர் நிக்கிறாங்க. அநேகமா வெறுங்கை. ஆள் ஆளோட முகம் பாத்துத்தான் அடி. தோத்தவன் திரும்ப எழும்பி இன்னொரு சுற்றுக் கேக்கலாம். கிண்ணியாப் பொடியனும், ரவுண் தமிழ்ப் பொடியனும், சிங்களப் பொடியனும் ஒரே மெசினில தோள் உரசி நிண்டு விளையாடினம். அங்க மட்டும்தான் சண்டைக்கு ஒரு நீதி இருந்திச்சு.

அந்தப் படத்தைப் பிறகு பாக்கேக்க, அதே ஆக்களைத் திரும்பச் சீருடைக்குள்ளயும் டாங்கிக்குள்ளயும் படகுத் துவக்குக்குள்ளயும் போட்டு வச்சிருக்கிறதைக் கண்டன். எனக்கு அது வெறும் திரைக்கதைப் பிழை இல்ல. கேம் எங்களுக்குத் தந்ததைப் பறிச்சமாதிரி இருந்திச்சு.

கோட்டைவாசல் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு விளங்குகிறது. நானும் அதே சாவடிகளில் நின்றவன்தான். ஆனால் அதே காரணத்தால்தான் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வரி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அழித்தவனுக்கு நினைவே இல்லை, இழந்தவளுக்கு அதுதான் வாழ்க்கை. வேறெந்த ஸ்ட்ரீட் பைட்டர் படமும் அதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆறாம்பதிப்பு எழுதியது:

நான் ஒரு விசயம் சேக்கலாமா? அனிமேஷன் படம் கேமையே மாத்தினது. 1995இல வந்த 'அல்பா' கேமில ரியூவும் கென்னும் சேந்து பைசனை அடிக்கிற ஒரு ஒளிச்ச சண்டை இருக்கு. அது அந்தப் படத்தின்ர கடைசிச் சண்டைதான். கென் தன்ர தலைமுடி நாடாவைக் கழட்டி ரியூவுக்குக் குடுக்கிறதும் படத்தில இருந்து கேமுக்குப் போனது. 

ஹொலிவுட் படத்தில இருந்தும் ஒரு கேம் வந்தது. நடிகர்மாரையே படம்பிடிச்சு உருவமாக்கி, 1995இல. கேமில இருந்து படம், படத்தில இருந்து கேம். அதை விளையாடிப் பாத்தனான், கை அசைவுக்கும் திரைக்கும் ஒட்டேல்ல.

நிலாவெளி_அக்கா எழுதியது:

அருமையான விசயம் தம்பி. இதைப் பொடியளுக்குப் படம் முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ, கேமைத் திரும்பப் போட்டுப் பாப்பாங்கள்.

உப்புவெளியான் எழுதியது:

இவ்வளவு எழுதுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல. இன்னொரு கேள்வி. என்ர தம்பிக்குப் பிடிச்ச ஆள் தால்சிம், கேமில வாற இந்திய யோகி. 'எங்கட பக்கத்து ஆள்' எண்டு சொல்லுவான். இந்தப் படங்கள்ல தால்சிம் எப்படி இருக்கிறார்?

கோட்டைவாசல் எழுதியது:

1994 படத்தில் தால்சிமாக ரோஷன் சேத். 'காந்தி' படத்தில் நேருவாக வந்தவர். நடிகர் பெரியவர், பாத்திரம்தான் சின்னது. பைசனின் நிலவறையில் கட்டாயத்தின் பேரில் வேலை செய்யும் விஞ்ஞானி. கேமில் போலக் கை நீளாது, வாயில் நெருப்பும் வராது. ஆனால் சார்லியை மிருகமாக்கச் சொல்லும்போது, அவன் மூளைக்குள் செலுத்தும் வன்முறைப் படங்களை இரகசியமாக மாற்றிவிடுகிறார். கடைசியில் இடிந்து விழும் இடத்தை விட்டு ஓடாமல் அவனோடு நிற்கிறார். சண்டை போடாத தால்சிம், ஆனால் மனச்சாட்சி உள்ள தால்சிம்.

நிலாவெளி_அக்கா எழுதியது:

அனிமேஷன் படத்தில ஹொண்டாவோட ஒரு சண்டைக்கு மட்டும் வருவார். 1995 தொடர்ல நல்ல இடம் இருக்கு. 29 அத்தியாயம், அதே சுகிதான் இயக்கினவர். ரியூவும் கென்னும் இன்னும் பதின்ம வயசுப் பொடியள், ஹொங்கொங், தாய்லாந்து எண்டு சுத்திக்கொண்டு வந்து, ஹடோ எண்ட அந்தச் சக்தியைப் படிக்கத் தால்சிமைத் தேடி இந்தியாவுக்குப் போவினம்.

ஆனா ஒரு விசயத்தை அவனோட கதைக்கவேணும். கேமில தால்சிம் எண்டா கழுத்தில சின்ன மண்டையோட்டு மாலை, பின்னால யானை, வாயில நெருப்பு. தூரத்தில இருந்து பாத்தவன் கீறின இந்தியா அது. எனக்கு அந்த உருவம் முழுக்கப் பிடிக்கும் எண்டு சொல்லமாட்டன். ஆனா அதே ஆளை, சண்டையை வெறுக்கிற, ஊருக்குக் காசு சேக்கவேண்டி மட்டும் இறங்கிற குடும்பஸ்தனா எழுதியிருக்கினம். மனுசி, மகன் எல்லாம் இருக்கு. அந்தப் பக்கத்தை ஒரு படமும் இன்னும் எடுக்கேல்ல.

சம்பூர்_கடற்கரை எழுதியது:

புதுப் படத்தில தால்சிம் ஆர் எண்டு பாத்தனீங்களா? வித்யுத் ஜம்வால்! 'துப்பாக்கி' வில்லன். 2025இல 'மதராஸி'யிலயும் வந்தவர்.

கிண்ணியா_சீனடி எழுதியது:

ஓம், எனக்கு அந்த அறிவிப்பில பெரிய சந்தோசம். ஆள் மூண்டு வயசில இருந்து களரி பழகினவர். களரியில உடம்பைத் தாழ்த்தி வச்சு நீட்டுற அடிகள் இருக்கு. கையைக் கம்பியூட்டர்ல ரப்பர் மாதிரி இழுக்க முன்னம் அவரை அந்தத் தாழ்ந்த நிலையில ஒருக்கா நிக்க விடுவாங்க எண்டு நம்புறன். ரியூவா வாற அண்ட்ரூ கோஜியும் 'வொரியர்' தொடர்ல உண்மையாவே அடிக்கத் தெரிஞ்ச ஆள் எண்டு காட்டினவர். அகூமாவுக்கு ரோமன் ரெயின்ஸ், கைலுக்குக் கோடி ரோட்ஸ். மல்யுத்தம் பாக்கிற பொடியளுக்குச் சொல்லத் தேவையில்ல.

1993இல நடக்கிற கதை, உலகப் போட்டிக்குச் சுன்-லி ரியூவையும் கென்னையும் கூப்பிடுறா எண்டு சொல்லியிருக்கிறாங்க. அப்ப போட்டி திரும்ப வருது. எனக்குப் பயம் ஒண்டுதான்: ஆக்கள் கூடிப்போச்சு. பிளாங்கா, பல்ரொக், வேகா, சங்கீப், டான், காமி எல்லாரும் இருக்கினம். 1994இல செய்த அதே நெரிசல்.

உப்புவெளியான் எழுதியது:

சரி, நான் இப்படிப் போடப்போறன். முதல் நாள் அனிமேஷன் படம், வெட்டின பதிப்பு. ரெண்டாவது 1994 ஹொலிவுட் படம், கோட்டைவாசல் அண்ணைக்காக. பிறகு 1995 தொடர்ல இந்தியா அத்தியாயங்கள். கடைசியா 'அசாசின்ஸ் பிஸ்ட்', அப்பதான் புதுப் படத்தில அகூமா வரேக்க ஆர் எண்டு தெரியும். 2009 வேண்டாம்.

கோட்டைவாசல் அண்ணை, கிண்ணியா நானா, ரெண்டாவது நாள் ரெண்டு பேரும் வருவீங்களா? நீங்கள் இஞ்ச கதைச்சதைப் பொடியளுக்கு முன்னால கதைச்சா நல்லா இருக்கும்.

கிண்ணியா_சீனடி எழுதியது:

இன்ஷா அல்லாஹ் வாறன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ? பொடியளுக்குக் காலடி காட்டுவார்.

கோட்டைவாசல் எழுதியது:

நானும் வருகிறேன். அனிமேஷன் படத்துக்கு ஜப்பானிய ஒலியைப் போடுங்கள் தம்பி. ஆங்கிலப் பதிப்பில் பாட்டுகளையெல்லாம் மேற்கத்திய ரொக் இசையாக மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்துக்கு டெட்சுயா கொமுரோ இசையமைத்த பாட்டு ஜப்பானில் இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது, பொடியள் அதோடு சேர்த்துக் கேட்கவேண்டும்.

நிலாவெளி_அக்கா எழுதியது:

வெட்டின பதிப்பு ஆங்கில ஒலியோடதான் கூடுதலாக் கிடைக்கும் அண்ணை. தம்பி, உங்களிட்ட இருக்கிற பைல்ல எந்த ஒலி இருக்கு எண்டு முதல்ல பாத்துச் சொல்லுங்கோ. ஜப்பான் ஒலியோட முழுப் பதிப்புத்தான் இருக்கெண்டா அந்தக் குளியல் காட்சி தொடங்கிற நேரத்தையும் முடியிற நேரத்தையும் குறிச்சு வையுங்கோ, நான் பக்கத்தில இருந்து தாண்டி விடுறன்.